சர்க்கஸ் குதிரைக்காரக் குடும்பங்கள் ஏழு தலைமுறை தாங்குவது எப்படி?

#1 கிராஞ்சிவாசி

சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததிலிருந்து, குதிரை சம்பந்தமாக எது கண்ணில் பட்டாலும் படித்துக்கொண்டிருக்கிறேன். பணம் கட்டுகிற ஆள் இல்லை நான்; அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் அப்பாவோடு போயிற்று. அம்மா வழித் தாத்தா புக்கிட் தீமா லாயத்தில் சைஸ் வேலை பார்த்தவர். குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நடக்கவிட்டு, தீனி வைப்பதுதான் அவர் வாழ்க்கை. மாமாக்களில் ஒருவர்கூட லாயத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவர் பஸ் ஓட்டினார், ஒருவர் துறைமுகத்தில் கிரேன், இன்னொருவர் பள்ளி ஆசிரியர். ஒரே தலைமுறையோடு கதை முடிந்தது.

அப்படியிருக்க, சர்க்கஸ் குதிரைக்காரர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் க்னீ குடும்பம் 1803இல் கிளம்பியது, இன்றைக்கும் அதே பெயரில் கூடாரம் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஆஷ்டன் குடும்பம் 1840களிலிருந்து இருக்கிறது. இத்தனைக்கும் க்னீ குடும்பத்தை ஆரம்பித்த ஃப்ரீட்ரிக் க்னீ மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன். குதிரைமேல் வித்தை காட்டிய ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கிப் படிப்பை விட்டுவிட்டு ஓடினார் என்று அந்தக் குடும்பமே சொல்லிக்கொள்கிறது. நம் வீட்டில் ஒருவன் அப்படிச் செய்தால் ஏழு தலைமுறைக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அங்கே ஏழு தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கிறது.

டாக்டர் பிள்ளை டாக்டர், சரி. ஓடுகிற குதிரை முதுகில் நின்று குட்டிக்கரணம் போடுவதை எதற்காக மகனுக்கும் பேத்திக்கும் கொடுக்க வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சுங்கை_ரோடு

வேற வேலை தெரியாது லா, அவ்வளவுதான்.

நான் நேரில் பார்த்த ஒரே குதிரை வித்தை பொங்கலுக்கு கேம்பல் லேனில் ஆடிய பொய்க்கால் குதிரை. அந்த அண்ணனும் தன் மகனை அதில் இறக்கவில்லை, பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார்.

#3 பழைய_பேப்பர்

பதில் முதல் நாளிலேயே இருக்கிறது. நவீன சர்க்கஸை ஆரம்பித்தவர் என்று சொல்லப்படும் பிலிப் ஆஸ்ட்லி, பிரிட்டிஷ் குதிரைப்படையில் சார்ஜண்ட் மேஜராக இருந்தவர். 1768இல் லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் ஒரு திறந்தவெளியைப் பிடித்தார். காலையில் சவாரி கற்றுக்கொடுப்பார், மாலையில் வித்தை காட்டிக் காசு வாங்குவார். புலி, சிங்கம், யானை எதுவும் கிடையாது. குதிரைதான் சர்க்கஸ். கயிற்றில் நடப்பவர்களும் கோமாளியும் பின்னால் இடையிடையே சேர்ந்தவர்கள்.

அந்த வட்டத்துக்குள் யார் யார் இறங்கினார்கள் என்று பாருங்கள்: ஆஸ்ட்லி, அவர் மனைவி, மகன் ஜான். மனைவி கையில் தேனீக்களை மொய்க்க விட்டுக்கொண்டு குதிரையில் சுற்றி வருவாராம். ஜான் சின்னப் பையனாக இருந்தபோதே குதிரைமேல் நின்று ஆடியவன்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் ஆஸ்ட்லி சீக்கிரமே பார்த்துவிட்டார். அவரிடம் இருந்த சார்ல்ஸ் ஹியூஸ் என்ற சவாரிக்காரர் தனியாகப் போய் 1782இல் கூப்பிடு தூரத்தில் ராயல் சர்க்கஸ் என்று போட்டிக் கடை விரித்தார். தொழில் கற்ற கூலியாள் நாளைக்கு எதிர்க்கடைக்காரர். மகன் என்றால் பேசி வைத்துக்கொள்ளலாம்.

பாரிசிலும் இதே கதைதான். அங்கே ஆஸ்ட்லியோடு சேர்ந்திருந்தவர் அந்தோனியோ ஃபிராங்கோனி என்ற இத்தாலியர். பிரெஞ்சுப் புரட்சி வந்து ஆஸ்ட்லி ஊர் திரும்பியதும் ஃபிராங்கோனி அந்த இடத்தை எடுத்து நடத்தினார். அப்புறம் மகன்கள் லோரன், ஆன்ரி, பேரன் விக்டர் என்று போயிற்று.

#4 டியூஷன்_சார்

குடும்பக் கதைக்கு நடுவில் கொஞ்சம் கணக்கு. ஆஸ்ட்லி கடைசியில் வந்து நின்ற வட்டத்தின் விட்டம் 42 அடி, ஏறக்குறைய 13 மீட்டர். இன்றைக்கும் உலகம் முழுக்க சர்க்கஸ் வட்டம் அதே அளவுதான்.

குதிரையின் கால் தடம் மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கிறது, வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 25/6, அதாவது ஏறக்குறைய 4.2. புவியீர்ப்பு 9.8. ஆக, குதிரையும் அதன்மேல் நிற்பவரும் சுமார் 23 பாகை உள்பக்கம் சாய்ந்தால்தான் நிலை. அந்தச் சாய்வில் கால் முதுகோடு அழுந்திக்கொள்ளும். நேர்கோட்டில் ஓடும் குதிரைமேல் நிற்பதைவிட வட்டத்தில் நிற்பது லேசு. ஒரு சுற்றுக்கு ஏழரை வினாடி ஆகும். என் மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கணக்கைக் கொடுப்பேன். குதிரையை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிள் போட்டால் போதும் என்கிறார்கள்.

முக்கியமானது இதுதான்: வேகம் மாறினால் சாய்வு மாறும். பாய்ந்தவர் கீழே வரும்போது முதுகு அங்கே இருக்காது. குதிரை கடிகாரம்போல ஓட வேண்டும்.

#5 லாயம்

சார் சொன்ன கடைசி வரியில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. நான் சவாரிப் பள்ளி லாயத்தில் வேலை பார்த்தவன், சர்க்கஸ்காரன் இல்லை. ஆனால் குதிரை குதிரைதான்.

சேணம் இல்லாமல் நின்று வித்தை காட்டுவதற்குப் பந்தயக் குதிரை உதவாது. அதன் முதுகு ஒடுக்கம், சட்டென்று மிரளும். இதற்கு வண்டி இழுக்கிற கனத்த சாதி வேண்டும், பெர்ஷெரான் மாதிரி. பின்பக்கம் மேசைபோல அகலமாக இருக்கும். நிற்பவர் முதுகின் நடுவில் நிற்பதில்லை, இடுப்பெலும்புக்கு மேல் நிற்பார்; அங்கேதான் குலுக்கல் குறைவு. வழுக்காமல் இருக்க அந்த இடத்தில் ரோசின் தேய்ப்பார்கள், வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அதே சரக்கு. பொடி வெள்ளையாகத் தெரியும் என்பதால் வெள்ளை, சாம்பல் குதிரையாகப் பார்த்து வாங்குவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதைத் துப்புரவாகத் தேய்த்து எடுக்க வேண்டும். விட்டால் வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுத்துத் தோல் புண்ணாகும். யார் தேய்ப்பது? ராத்திரி நிகழ்ச்சி முடிந்து பத்து மணிக்கு மேல், மழையில், புது ஊரில்? அங்கேதான் குடும்பம் வருகிறது.

நல்ல குதிரை ஒன்று பழக வருடக்கணக்காகும். கைதட்டினாலும், பேண்டு வாசித்தாலும், முதுகில் திடீரென்று எழுபது கிலோ வந்து விழுந்தாலும் அடி மாறக்கூடாது. அப்படிப் பழகிய குதிரை பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, நடக்கப் பழகி, அதே குதிரை முதுகில் உட்கார்ந்து, பிறகு மண்டியிட்டு, பிறகு நின்று, பெரியவர்களோடு வட்டத்துக்குள் வரும் வரைக்கும் அது இருக்கும். குழந்தைக்குப் பாதி வாத்தியார் அதுதான்.

விழாமல் பழக இடுப்பில் வார் கட்டுவார்கள். நடுவில் ஒரு கம்பம், அதிலிருந்து சுற்றும் ஒரு கை, அதில் கயிறு, கயிற்று நுனியில் வார். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பென்சர் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தது. கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருப்பவர் ஒரு நொடி தாமதித்தால் பிள்ளை தரையில். அந்த நுனியை நான் ஊரான் கையில் கொடுக்க மாட்டேன்.

#6 சுங்கை_ரோடு

லாயம் அண்ணே, இவ்வளவு நாள் இந்த மன்றத்தில் மீன் சந்தை விலை மட்டும் எழுதிக்கொண்டிருந்தீர்களே!

#7 மல்லிகா_உட்லண்ட்ஸ்

லாயம் அண்ணன் எழுதியது நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் "ரத்தம், வாரிசு" என்ற இடத்துக்கே போகிறீர்கள். பெரிய பெயர்களை எடுத்துப் பாருங்கள்.

மே விர்த். 1894இல் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க்கில் பிறந்தவர். விர்த் குடும்பத்தில் பிறக்கவில்லை. ஏழு வயதுவாக்கில் மரிஸ்லெஸ் விர்த் அவரைத் தத்தெடுத்தார். 1912இல் அமெரிக்காவின் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸுக்குப் போய், ஓடும் குதிரைமேல் முன்பக்கக் குட்டிக்கரணம் போட்டு உலகப் புகழ் பெற்றார். இரண்டு காலிலும் கூடையைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து குதிரை முதுகுக்குத் தாவுவார். விர்த் குடும்பமே கூட பரம்பரைக் குதிரைக்காரர்கள் இல்லை. மூத்தவர் பவேரியாவிலிருந்து வந்த வாத்தியக்காரர், பிள்ளைகள் சர்க்கஸ் பேண்டில் ஊதிக்கொண்டிருந்துவிட்டு 1880 வாக்கில் சொந்தமாக ஆரம்பித்தார்கள்.

பாப்லோ ஃபேங்க். இங்கிலாந்தின் நாரிச்சில் பிறந்த கறுப்பினத்தவர், சொந்தப் பெயர் வில்லியம் டார்பி. சிறுவனாக வில்லியம் பேட்டி என்ற சர்க்கஸ்காரரிடம் தொழில் கற்க ஒப்படைக்கப்பட்டவர். பின்னால் சொந்தக் கம்பெனி நடத்தினார். அமெரிக்காவில் பெரிய சவாரிக்காரரான ஜேம்ஸ் ராபின்சன் பிறப்பில் ராபின்சனே இல்லை, கற்றுக்கொடுத்தவரின் பெயர் அது.

லாயம் அண்ணன் சொன்ன அதே ஸ்டோக்ஸிடம் ஒரு பையன் இருந்தான், ஓமர் கிங்ஸ்லி. அவனைப் பெண் வேஷம் கட்டி "எல்லா சோயாரா" என்ற பெயரில் சவாரி செய்ய வைத்தார்கள். ஐரோப்பா முழுக்கப் பெண் என்றே நம்பியது. வளர்ந்து ஆளானபின் ஆசியப் பக்கம் வந்த ஒரு சர்க்கஸோடு பம்பாய்க்கு வந்து, 1879இல் அங்கேயே பெரியம்மையில் இறந்தார்.

ஆக, இந்தக் "குடும்பம்" என்பது பாதிக்குப் பாதி கம்பெனி. ஏழை வீட்டுப் பிள்ளையை வாங்கி, தன் பெயரை வைத்து, வெளியே போக முடியாதபடி வளர்ப்பது. விளம்பரத்தில் "புகழ்பெற்ற சகோதரர்கள்" என்று போட்டால் டிக்கெட் விற்கும்.

#8 லாயம்

மல்லிகா, பெயர் ஒட்டியது என்பது உண்மை. கம்பெனி மட்டும்தான் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மே விர்த் நியூயார்க்கில் 1913இல் குதிரையில் கால் மாட்டி இழுபட்டு மோசமாக அடிபட்டார். வெறும் கம்பெனியாக இருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். வீட்டார் கூடவே இருந்தார்கள், அவரும் திரும்பி வந்து 1930கள் வரை சவாரி செய்தார்.

இன்னொன்று. நம் ஊரில் தொழில் மகனுக்குப் போகும், மகள் கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போவாள். இங்கே மகளும் சவாரிக்காரி என்பதால் விடமாட்டார்கள், மாப்பிள்ளையைத்தான் உள்ளே இழுப்பார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நாம் சிரிப்போம், அங்கே அதுதான் ஒழுங்கு. அயர்லாந்துப் பக்கத்து ஹேனஃபோர்டு குடும்பம் 1915இல் அமெரிக்கா போனபோது வட்டத்தின் நடுவில் சாட்டையோடு நின்று நடத்தியது அம்மா. மகன் எட்வின், "பூடில்ஸ்" என்று கூப்பிடுவார்கள், பெரிய ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு குடிகாரன் மாதிரி தடுமாறுவார். ஓடும் குதிரையின் வால் பக்கமாக, மாடிப்படி இறங்குவதுபோலக் கால் எடுத்து வைத்துத் தரைக்கு வருவார். அதைச் செய்ய அவர் கோமாளியாகவும் இருக்க வேண்டும், கூட்டத்திலேயே நல்ல சவாரிக்காரராகவும் இருக்க வேண்டும்.

#9 தலைச்சேரி_தம்பி

எங்கள் ஊர்ப் பெயர் இன்னும் வராதது ஆச்சரியம். அம்மா வீடு தலைச்சேரி, நான் பிறந்தது ஈசூன்.

இந்தியாவிலும் சர்க்கஸ் குதிரையில்தான் ஆரம்பித்தது. விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் குருந்துவாடு ராஜாவின் லாயத்துக்குப் பொறுப்பாளர், சவாரி வாத்தியார். இத்தாலிக்காரர் ஜூசெப்பே கியாரினி பம்பாய்க்கு சர்க்கஸ் கொண்டுவந்தபோது இவர் போய்ப் பார்த்தார். கியாரினி சாதாரண ஆள் இல்லை, பல தலைமுறையாகக் கூத்தும் குதிரையுமாக இருந்த குடும்பம், அவரே பெரிய குதிரைப் பயிற்சியாளர். இந்தியர்களுக்கு இதெல்லாம் வர இன்னும் காலம் பிடிக்கும் என்று அவர் சொன்னதாகவும், ரோஷம் பொத்துக்கொண்டு சத்ரே 1880இல் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கியதாகவும் எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். ரோஷம் எவ்வளவோ, தொடங்கியது நிஜம். அவரே குதிரைமேல் நின்றார்.

ஆனால் பாருங்கள், இந்தியாவில் குதிரைக் குடும்பம் என்று ஒன்று நிலைக்கவே இல்லை. காரணம் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். சத்ரே தலைச்சேரிக்கு வந்தபோது அவரைச் சந்தித்தார். களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர். சர்க்கஸுக்கு ஆள் தயார் செய்ய ஆரம்பித்து, 1901இல் சிறக்கராவில் பள்ளியே வைத்துவிட்டார். அங்கே போனவர்கள் எல்லாச் சாதி, எல்லா வீட்டுப் பிள்ளைகள். கம்பி, ஊஞ்சல், கயிறு. அந்த வித்தைக்குத் தீனி வேண்டாம், லாயம் வேண்டாம், ஒரு கொட்டகை போதும். பள்ளி வந்த இடத்தில் குடும்பம் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் குதிரைக்குப் பள்ளிக்கூடம் வீடுதான், அதனால் குடும்பம் நின்றது. இதுதான் கிராஞ்சிவாசி அண்ணன் கேள்விக்கு என் பதில்.

#10 கிராஞ்சிவாசி

தம்பி, இது நான் யோசிக்காத கோணம். அப்படியானால் என் மாமாக்கள் பஸ்ஸுக்கும் கிரேனுக்கும் போனதற்கும் அர்த்தம் இருக்கிறது. தாத்தா குதிரையைப் பார்த்துக்கொண்டார், குதிரை அவருடையது இல்லை. முதலாளி விற்றால் மறுநாள் வேறு குதிரை. மகனிடம் கொடுக்க அவர் கையில் இருந்தது பிரஷ் ஒன்றுதான்.

சரி, இந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் நம் சிங்கப்பூர் பக்கம் வந்தார்களா?

#11 பழைய_பேப்பர்

வராமலா! 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆசியக் கடல் வழி முழுக்க சர்க்கஸ்தான். கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், பத்தாவியா, ஹாங்காங், ஷாங்காய் என்று கப்பல் போகிற வழியே கூடாரமும் போகும். விர்த் குடும்பம் 1893இல் ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பி 1900 வரை வெளிநாடுகளில் சுற்றியது.

நம் வட்டாரத்துக்கே சொந்தம் மாதிரி ஆகிவிட்டது ஹார்ம்ஸ்டன் சர்க்கஸ். ஆங்கிலேயக் குதிரைக்காரக் குடும்பம். ஜாவா, மலாயா, சயாம், இந்தியா என்று இங்கேயே பல பத்தாண்டுகள் சுற்றினார்கள். வீட்டுத் தலைவர் இறந்தபின்னும் அவர் மனைவி கம்பெனியை விடாமல் நடத்தினார், மகள் நெல்லி சவாரிக்காரி. லாயம் அண்ணன் சொன்ன அதே கதை. இங்கே கூடாரம் வழக்கமாகப் பீச் ரோடு பக்கம் எழும்பும். அப்போது அது உண்மையிலேயே கடற்கரை. கப்பலிலிருந்து இறக்கிய சாமானைத் தூரம் கொண்டுபோக வேண்டியதில்லை.

1902 ஆகஸ்டில் பீச் ரோட்டில் நடந்த ஒரு காட்சியிலிருந்து புலி ஒன்று தப்பி ராஃபிள்ஸ் ஹோட்டலுக்குள் போனது பலருக்குத் தெரிந்திருக்கும். அது இந்தக் குடும்பத்தின் புலி இல்லை, உள்ளூர்க் காட்சி ஒன்றினுடையது. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமை ஆசிரியர் சார்ல்ஸ் ஃபிலிப்ஸ் வந்து சுட்டார்.

#12 சுங்கை_ரோடு

பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் என்றல்லவா சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்கிறார்கள்?

#13 பழைய_பேப்பர்

அறைக்கு அடியில். அந்தக் கட்டடம் தூண்கள்மேல் நின்றது, புலி தரைக்கும் பலகைக்கும் இடையில் படுத்திருந்தது. மேசைக்கு அடியில் என்றால் காக்டெயில் விற்கும்.

#14 மல்லிகா_உட்லண்ட்ஸ்

புலியை விடுங்கள். குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. நாலு வயதில் குதிரைமேல் ஏற்றுவதுதான் இந்தப் பரம்பரையின் ரகசியம் என்றால், அந்த ரகசியம் இன்றைக்குச் சட்டத்துக்கு ஆகாது. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்குத் தடை விதித்தது. அதை எந்தப் பரம்பரைக்காகவும் தளர்த்தக் கூடாது என்பேன். சிங்கப்பூரில் வெளியிலிருந்து வரும் சர்க்கஸ்கள் காட்டு விலங்குகளை வைத்து வித்தை காட்ட 2002இலிருந்து அனுமதியில்லை. அதுவும் சரிதான்.

குதிரை காட்டு விலங்கு இல்லை என்பதால் தப்பித்தது. 2014இல் மரினா பே பக்கம் வெள்ளைக் கூடாரம் போட்டுக் கவாலியா வந்தபோது பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். கனடாக் கம்பெனி, ஐம்பது குதிரைக்குப் பக்கத்தில். வெவ்வேறு நாட்டுச் சவாரிக்காரர்கள் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார்கள். குடும்பம் இல்லாமலும் நடக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

#15 லாயம்

கவாலியாவை நானும் பார்த்தேன், கடிவாளம் இல்லாமல் குதிரைகளை நடத்திய விதம் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் மூலதனம் பெரிது. பணம் நின்றால் குதிரைகள் எங்கே போகும்? குடும்பம் என்றால் சோற்றைக் குறைத்துக்கொண்டாவது தீனி போடும்.

குழந்தை விஷயத்தில் மறுப்பு இல்லை. பழக்குவதற்கும் டிக்கெட் விற்பதற்கும் நடுவில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். குதிரையை அடிப்பது பற்றியும் கேட்பீர்கள். அதற்கு க்னீ வீட்டிலேயே பதில் இருக்கிறது. பெரிய ஃப்ரெடி க்னீ, 1920இல் பிறந்தவர், பயிற்சி நடக்கும்போது கூடாரத்தைத் திறந்துவிட்டு யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்றார். சாட்டையால் மிரட்டிப் பழக்குகிறவன் அதைச் செய்ய முடியாது. மகன் சின்ன ஃப்ரெடி, பேத்தி ஜெரால்டின் என்று குதிரைகள் இன்னும் அந்தக் கிளையிடம்தான். யானைகளைச் சில வருடங்களுக்குமுன் வட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், குதிரையை விடவில்லை.

#16 டியூஷன்_சார்

தாங்கியவர்களையே பேசுகிறோம், விழுந்தவர்கள் கணக்கையும் பாருங்கள். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ரென்ஸ் சக்கரவர்த்தி மாதிரி இருந்தார். 1892இல் இறந்தார், 1897இல் கம்பெனி கலைந்தது. ஐந்தே வருடம். விர்த் சர்க்கஸ் 1963இல் மூடியது. கோபன்ஹேகனில் குதிரைக்கென்றே பெயர் பெற்ற ஷூமான் குடும்பம் 1969இல் அங்கே முடித்துக்கொண்டது. வாரிசு இல்லாமல் இவர்கள் நிற்கவில்லை. 1914இல் போருக்கென்று ராணுவம் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனது, அப்புறம் மோட்டார் வந்தது. தெருவில் குதிரை இருந்தவரை பார்ப்பவனுக்கு அருமை தெரிந்தது, தன்னால் ஏறி உட்காரக்கூட முடியாததன்மேல் ஒருவன் நிற்கிறான் என்று. குதிரையே தெரியாத தலைமுறைக்கு ஊஞ்சலில் பறப்பவன்தான் பெரிய ஆள். க்னீ நின்றதற்கு வாரிசைவிட, ராப்பர்ஸ்வில்லில் சொந்தக் குளிர்கால இடமும் உயிரியல் பூங்காவும் இருப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

#17 தலைச்சேரி_தம்பி

சார் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், வேறு வார்த்தையில். லாயம் யாருடையதோ, பரம்பரையும் அவனுடையது.

#18 மல்லிகா_உட்லண்ட்ஸ்

அப்படியானால் தத்தெடுத்த பிள்ளைக்கு லாயத்தில் பங்கு கிடைத்ததா என்று பாருங்கள், தம்பி. குட்டிக்கரணம் போட்டது யார், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று.

#19 கிராஞ்சிவாசி

இந்த இழை இவ்வளவு நீளும் என்று எதிர்பார்க்கவில்லை. ஹார்ம்ஸ்டன் சர்க்கஸில் நம் ஆட்கள் யாராவது குதிரைக்காரர்களாக வேலை பார்த்திருப்பார்களா என்று தேட ஆசை. குதிரைகள் இங்கே இறங்கினால் யாராவது தீனி வைத்திருக்க வேண்டுமே. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#20 பழைய_பேப்பர்

தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் இலவசம், வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து இருக்கிறது. சர்க்கஸ் செய்தியை மட்டும் தேடாதீர்கள், அதில் சவாரிக்காரர் பெயர்தான் வரும். மூன்று இடங்களைப் பாருங்கள்: கப்பல் வருகைப் பட்டியல், போலீஸ் கோர்ட் செய்தி, வேலைக்கு ஆள் தேவை விளம்பரம். கூலி பாக்கி, சண்டை, திருட்டு என்று கோர்ட்டுக்கு வந்தால்தான் நம் ஆட்கள் பெயர் பேப்பரில் ஏறும். எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும், சாமி என்பதை நாலு விதமாகப் போட்டுப் பாருங்கள். 1935க்குப் பிறகு என்றால் தமிழ் முரசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சிக்கினால் இங்கேயே போடுங்கள், கோர்ட் செய்தி என்றால் எனக்குத் தனி மடலில் முதலில்.